வேண்டிக்கொண்ட கால்

எனக்குப் பொறுமை கிடையாது. பாதி பிறவிக் குணம், மீதி உத்தியோகம் கொடுத்தது. எழுபதுகளில் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேசுகிற டிரங்க் கால் என்றால் மூன்று நிமிஷம். அது முடிந்ததும் நடுவே நுழைந்து, மேற்கொண்டு பேசுகிறீர்களா என்று கேட்க வேண்டும். நாளெல்லாம் அதையே செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், யாராவது விஷயத்துக்கு வராமல் இழுக்கும்போது எனக்குக் கை பரபரக்கும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், ஒரு வார்த்தை பேசுவதற்கு ஒரு மைல் யோசிக்கிற ஆள்.

அவர் பஸ் டிரைவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய் வருகிற தனியார் பஸ். அவருக்கு ஒரு நாய் இருந்தது. நான் அவருக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முன்பே அது அந்த வீட்டில் இருந்தது, நான்தான் புதுசு. மகாபலிபுரத்துக் கடற்கரைக் குப்பத்தில் வலைக் குவியலுக்குள் கிடந்த குட்டியை ஒருவர் கொடுக்க, எஞ்சின் மூடி மேல் துண்டை விரித்து உட்கார வைத்துக் கொண்டுவந்தாராம். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். அதை அவர் "நைனா" என்று கூப்பிடுவார், என்னை "மே" என்று கூப்பிடுவார். யாருக்கு மரியாதை அதிகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில். எத்தனை பஸ் ஹாரன் அடித்தாலும் நைனா வாசலில் படுத்தபடியே இருக்கும். அவர் பஸ் ஏரிக்கரையில் திரும்பும்போதே எழுந்து ஓடிவிடும். அவர் இறங்கியதும் சாப்பாட்டுத் தூக்கின் துணிப்பிடியை வாயில் கவ்விக்கொண்டு முன்னால் நடக்கும். தூக்கை என்னிடம் கொடுக்காது, அவரிடமும் கொடுக்காது, சமையற்கட்டு வாசலில்தான் வைக்கும். எனக்கு ஆரம்பத்தில் அதைப் பார்த்தால் எரிச்சல். அப்புறம் எப்போது பிடித்துப்போனது என்று தெரியவில்லை. பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் அது தூக்கைக் கவ்விக்கொண்டு நொண்டியபடி வந்தது. வலது முன்னங்கால். சுளுக்கு என்றார்கள். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் வந்து முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவி இறுக்கிக் கட்டினார். வைத்தியம் நல்ல வைத்தியம்தான், ஆனால் முட்டையையும் உளுந்தையும் ஒரு நாயின் காலில் கட்டிவிட்டு அது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் என்று நாங்கள் நினைத்ததை என்னவென்று சொல்வது? விடிவதற்குள் கட்டு முழுவதையும் தின்றுவிட்டு, துணியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தது. மறுபடியும் கட்டினோம். மறுபடியும் தின்றது. அந்த மாதம் அதற்கு உடம்பு கூட ஒரு சுற்று பெருத்தது.

வீக்கம் மட்டும் வடியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கல் மாதிரி ஒரு புடைப்பு. தொட்டால் முனகியது. எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்தவர், இதை மெட்ராஸில்தான் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானே டிரங்க் கால் போட்டு, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கேட்டேன். முதல் தடவையாக என்னுடைய மூன்று நிமிஷம் எனக்கே போதவில்லை.

பக்கத்து வீட்டு பாய் இரும்புக் கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்க அவர் வேன் மெட்ராஸ் போய் வரும். நாயின் எச்சில் பட்டால் கழுவித் துடைக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அதனால் கேட்கவே எனக்குத் தயக்கம். அவரோ நான் கேட்டு முடிப்பதற்குள், வண்டியைக் கழுவிக்கொண்டால் போயிற்று, அதற்காக நோவோடு கிடக்கிற ஜீவனை விட்டுவிட முடியுமா தங்கச்சி என்று சொல்லி, பின்னால் இரண்டு கோணிப்பை விரித்துவிட்டார். அவர் வீட்டம்மா வாசற்படியில் நின்றபடியே நைனாவுக்கு எலும்பு போடுகிறவர். வழியில் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கரையான் அரித்த கட்டை போல இருந்தது அந்த எலும்பு. நான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் திருப்பவில்லை.

"எலும்புல புற்று வந்திருக்கு," என்றார் டாக்டர். "காலை முழுசா எடுத்துடணும். மார்ல இன்னும் பரவல, அதனால நம்பிக்கையா செய்யலாம். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

அடுத்த வியாழக்கிழமை கொண்டுவரச் சொன்னார். அதற்குள் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்குமேல் ஒரு நாள்கூட வேண்டாம் என்றார். நாய்க்குப் புற்று வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மனுஷர்களுக்கு வந்தாலே அந்தக் காலத்தில் பெயரைச் சொல்ல மாட்டார்கள். திரும்பி வரும் வழி முழுக்க அவர் வேனின் பின்பக்கம் கோணி மேல் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் விஷயத்துக்கு வந்தேன். வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவிடவா என்று கேட்டேன். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாப்பாடு போட்டேன். ரசம் ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"காலு சரியாவணும்னு வேதகிரீஸ்வரர்கிட்ட வேண்டிக்கினு கீறேன் மே. சரியானா வெள்ளிக் காலு போடறதா. இப்போ கால வெட்டிட்டா அவுரு எத்த சரி பண்ணுவாரு?"

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வேண்டுதல்தான். கண் நோவு தீர்ந்தால் வெள்ளித் தகட்டில் கண், கை நோவு தீர்ந்தால் கை, கால் நோவு தீர்ந்தால் கால் என்று உரு வாங்கி உண்டியலில் போடுவார்கள். குணமான பிறகு போடுவதுதான் முறை. வேதகிரீஸ்வரர் இருக்கிற திருக்கழுக்குன்றம் மலை அவருக்குத் தினம் பார்க்கிற மலை. பஸ் அந்த வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார். உட்கார்ந்திருக்கிற ஜனங்களையும் சேர்த்து சாமியிடமே அனுப்பிவிடப் போகிறீர்கள் என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அப்படிக் கும்பிட்ட ஏதோ ஒரு நடையில், நைனா கால்கட்டைத் தின்றுகொண்டிருந்த நாளிலேயே, இந்த வேண்டுதலை வைத்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! கரண்டியைக் கீழே வைத்தேன். "உயிரோட இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தா இந்த வம்பே இல்லையே. காலை மட்டும் எதுக்குத் தனியா எடுத்து வேண்டிக்கிட்டீங்க?"

"அப்போ காலு மட்டும்தானே நோவு," என்றார்.

சண்டை போட வந்தவள், கீழே வைத்த கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அந்த ஒரு வாரம் நான் சும்மா இருக்கவில்லை. சாமியின் பக்கத்திலிருந்தே பேசிப் பார்த்தேன். நாய் பைரவர் வாகனம், வாகனத்தைக் காப்பாற்றுவது பாவமா என்று கேட்டேன். டாக்டர் கையும் சாமி கைதான் என்றேன். பாயை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, மச்சான் மனசு எனக்குத் தெரியும் தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்றுக்கும் என் வீட்டுக்காரர் மசியவில்லை. வேண்டுதலை நடுவில் முறித்தால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும், அதற்கும் நைனாதான் அனுபவிக்கும் என்று பயந்தார். இன்னொன்றும் இருந்தது. அதை ஒரு சாயங்காலம், நொண்டிக்கொண்டே தூக்கைக் கொண்டுவந்த நாயைப் பார்த்தபடி, என்னிடம் இல்லாமல் சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். மூன்று காலோடு அது பஸ் ஸ்டாண்டுக்கு வருவதை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று.

எனக்கும் பயம்தான். நான் காட்டிக்கொள்ளாதவள், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊராரின் பேச்சை எல்லாம் இணைத்துக்கொண்டிருக்கும்போது, சாமி ஒரு பக்கம், இந்த மனுஷன் ஒரு பக்கம், நடுவில் எதுவும் தெரியாமல் அந்த நாய் செத்துப்போகுமோ என்று யோசனை ஓடும்.

புதன்கிழமை அவருக்கு ஓய்வு நாள். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு மே, குன்றத்துக்குப் போலாம்," என்றார். நைனாவையும் கூட்டிக்கொண்டார். பஸ் ஓட்டியவர் இவருடைய சிநேகிதர். நைனாவை எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்டக்டர் வந்து, டிக்கெட் கொடுக்கிற மாதிரி அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் மலைக்குப் போய் முன்கூட்டியே உருவைப் போட்டு, சாமியை அவசரப்படுத்தப் போகிறார், நாளைக்கு மெட்ராஸ் வரமாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அடிவாரத்துக் கடையில் உரு கேட்டார். எந்தக் கால் என்று கடைக்காரர் விசாரித்தார். நாய்க்கு, வலது முன்னங்கால் என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முன்னால் இருப்பது கைக்குச் சமானம், அதனால் கைதான் வாங்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அதையும் யோசிக்க ஆரம்பித்தார். விட்டால், தினம் மலை மேல் வருகிற உச்சிவேளைக் கழுகு வந்து கோயில் சோறு தின்றுவிட்டுப் போகிற வரைக்கும் அங்கேயே யோசித்துக்கொண்டிருப்பார். "நடக்கிறது எதுவோ அது கால். காலைக் குடுங்க," என்றேன். நல்ல தகடு, குதிகால் விரலோடு மனுஷக் கால். நைனா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

அவர் மட்டும் படியேறினார். நான் நாயோடு நிழலில் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார். நெற்றியில் விபூதி, கையில் உரு இல்லை. என்ன வேண்டிக்கிட்டீங்க என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்டால் பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்து கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்வி என் ஆயுசில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குத் திரும்புவார் என்று பார்த்தால், மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறினார். கடற்கரைக் கோயிலைத் தாண்டி, சிற்பிகளின் உளிச் சத்தம் தேய்கிற இடம் வரைக்கும் நடந்து, குப்பத்துப் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். நைனாவை அவிழ்த்துவிட்டார். அது பிறந்த இடம். காற்றை முகர்ந்தது. ஒரு நண்டு வளையை விட்டு வெளியே வந்ததோ இல்லையோ, ஓடியது பாருங்கள்! வலது காலை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற மூன்று காலில், மணல் பறக்க ஓடியது. நண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. நைனா அலையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அடுத்த நண்டைத் தேடி மறுபடியும் ஓடியது. தடுக்கவில்லை, விழவில்லை. நொண்டும்போது எங்களுக்கு அது தெரியவில்லை. அந்தக் காலை ஊன்றப் பார்க்கும்போதுதான் அது நொண்டியிருக்கிறது. ஊன்றுவதை விட்டதும் ஓடுகிறது.

"பாத்தியா மே," என்றார் அவர். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் நான் எழுந்தபோது, பாயின் வேனில் அவர் கோணிப்பை விரித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தாம்பரம் தாண்டினோம், பயம்தான். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தோம், அப்போதும் பயம்தான். கடைசி நிமிஷத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிற ஆள் அவர்.

டாக்டர் வெளியே வந்து நாயைத் தடவிக் கொடுத்தார். முடிவு செய்துவிட்டீர்களா, காலை எடுத்துவிடலாமா என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். வழக்கம்போல அவர் யோசித்தார்.

"அந்தக் காலு எங்களுது இல்ல டாக்டர்," என்றார். "நேத்தே சாமிக்குக் குட்துட்டேன். அத நீ வச்சிக்கோ, மீதி மூணும் எனக்கு வோணும்னு சொல்லிட்டு வந்துகீறேன். நீங்க எடுத்துக்கோங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஆள் என்ன சொல்கிறார் என்பது போல என்னைப் பார்த்தார். ஒரு வாரமாக அந்த வேண்டுதலோடு மல்லுக்கட்டியவள் நான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஆமாங்க டாக்டர்," என்றேன். "குடுத்தாச்சு."

கம்பவுண்டர் ஒரு பன்னைக் காட்டிக் கூப்பிட்டார். நைனாவுக்கு எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை, வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் கிளம்பிவிட்டது. அது மூன்று காலில்தான் உள்ளே போனது. நான்காவது கால் அதோடு தொங்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.