மஞ்சள் பெட்டியில் கேட்ட கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கணவர் பர்மாவிலிருந்து திரும்பி வரவில்லை. கடைசிவரை வருவாரா மாட்டாரா என்று யாரையும் தவிக்கவிட்டுக் கதை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அந்தத் தவிப்பை நான் பட்டது போதும். நான் சொல்ல வந்தது என் மாமியாரைப் பற்றி. அவர் ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டார்.

எங்கள் ஊர் தேவாரத்துக்குக் கிழக்கே, மாட்டுவண்டியில் போனால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். கல்யாணமாகி வந்த வருஷமே கணவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவரைக் காணவில்லை என்று மட்டும் சர்க்காரிடமிருந்து தகவல் வந்தது. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. காணவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆடு காணாமல் போகும், குடம் காணாமல் போகும். ஆறடி ஆள் எப்படிக் காணாமல் போவார் என்று எனக்கு அப்போதெல்லாம் கோபம் கோபமாக வரும்.

யுத்தம் முடிந்தது. பக்கத்து ஊர்களுக்குப் பட்டாளத்துக்காரர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அப்போதுதான் என் மாமனாரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பேச்சை எடுத்தார். மாமனார் இறந்த பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் சொல்வதுதான் முடிவு. கெட்ட மனிதர் இல்லை. கதர் கட்டுவார், சத்தமாகப் பேசுவார், ஒன்றை முடிக்காமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் அப்படி முடிக்காமல் விட்ட காரியமாகத்தான் அவர் பார்த்தார். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று காளியம்மன் கோவிலில் பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்றார்.

பூக்கட்டிக் கேட்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போடுவார்கள். ஒன்றும் அறியாத பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணம், கிணறு வெட்டு, மாடு வாங்குவது எல்லாம் அப்படிக் கேட்டுத்தான் நடக்கும். அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சுக் கிடையாது. சிவப்பு வந்தால் நான் தாலியைக் கழற்ற வேண்டும். மாசி முதல் வெள்ளிக்கிழமை என்று பெரிய மாமா நாளும் குறித்துவிட்டார்.

என் மாமியாருக்குக் கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் கை வைக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. வீரபாண்டித் திருவிழா முடிந்து, பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பி, மழை கண்ட பிறகுதான் நடக்கும் என்று பெரிய மாமாவே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் தமுக்கு அடித்தார்கள், மாசி முடிவதற்குள் ஓட்டு என்று. ஊரில் பாதிப்பேர் திட்டினார்கள். வெங்காயம் பிடுங்குகிற நேரத்தில் இது என்ன கூத்து என்றார்கள். வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் பந்தி போடுகிறார்களே என்று பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் வருத்தப்பட்டார்கள். ஓட்டுப் போட்டால் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைக்கும் என்று ஒரு வதந்தி கிளம்பி இரண்டு தெரு தாண்டுவதற்குள் சீனியும் கிடைக்கும் என்று வளர்ந்துவிட்டது. ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. நிலவரி கட்டுகிறவர்களுக்கும் படித்தவர்களுக்கும்தான். மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கப் போயிருந்த வரிதாரர்களை இறங்கி வரச் சொல்லி ஆள் மேல் ஆள் போனது.

பெரிய மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மஞ்சள் பெட்டிக்காக ஊர் ஊராக அலைந்தார். அந்தக் காலத்தில் நிற்கிற ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி. படிக்கத் தெரியாதவர்களும் நிறம் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். அவருடைய ஆளுக்கு மஞ்சள், எதிர்த்து நின்ற பண்ணையாருக்கு நீலம். பூக்கட்டிக் கேட்பதை ஓட்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். ஊரே இந்தத் தேர்தலைத் திட்டிக்கொண்டிருக்க, என் மாமியார் மட்டும் அம்மனுக்கு ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினார்.

மாமனாருக்குப் பிறகு நிலம் என் மாமியார் பேருக்கு வந்திருந்ததால் அவருக்கு ஓட்டு இருந்தது. எனக்கு வயசு போதாது. அதன் பிறகு அவருக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி எந்தப் பெட்டி ஜெயிக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். மோர் விற்க வந்தவளைக் கேட்டார். வண்ணார் வீட்டு அம்மாவைக் கேட்டார். மலையாளத்துச் சந்தைக்கு மிளகாய் ஏற்றிப்போகிற வண்டிக்காரரைக் கேட்டார். எல்லோரும் மஞ்சள் என்றார்கள். கடைசியில் ஓட்டுக்கு வண்டி அனுப்புவதாகச் சொல்ல வந்த பண்ணையாரின் கணக்கப்பிள்ளையையே கேட்டுவிட்டார். அந்த மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாங்கள் சும்மா மானத்துக்கு நிற்கிறோம் அம்மா என்றார். என் மாமியாருக்கு அரசியல் பித்துப் பிடித்துவிட்டது என்று நான் நினைத்துச் சிரித்தேன். பெரிய மாமாவின் காற்றுப் பட்டுவிட்டது என்று கேலிகூடச் செய்தேன்.

ஓட்டு நாளன்று பண்ணையாரின் வண்டியில் ஏறித்தான் போனோம். அந்த வண்டியில் வந்த அத்தனை பேரும் மஞ்சளில் போடப் போகிறவர்கள் என்று மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தேவாரத்தில் பள்ளிக்கூடத்தைத் தட்டியால் மறைத்து உள்ளே பெட்டிகளை வைத்திருந்தார்கள். மாமியார் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரங்கழித்து, கும்பிட்ட கையோடு வெளியே வந்தார். வண்டி பக்கத்தில் பெரிய மாமாவும் அவரோடு நின்ற ஊர்க்காரர்களும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் மாமியார் அவரைப் பார்க்காமல், வண்டி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, மாட்டிடம் சொல்வது போல உரக்கச் சொன்னார்:

"காளியாத்தாள நெனச்சு மஞ்சப் பெட்டியில ஒண்ணு கேட்டுப் போட்டுருக்கேன். மஞ்ச ஜெயிச்சா எம்மகன் உசுரோட இருக்கான்னு அர்த்தம். தோத்துச்சுன்னா, பெரியவுக சொன்னபடி எம்மருமக தாலியக் கழட்டட்டும். பொதுவுல கேட்டுப்புட்டேன், இனிமே பூவுங் கீவும் வேண்டாம்."

எல்லோரும் மோரைக் கீழே வைத்துவிட்டார்கள். பெரிய மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இது சாமி காரியம் இல்லை, ஓட்டு என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அத்தனை பேர் நடுவில், தன் பெட்டி தோற்கவும் கூடும் என்கிற மாதிரி அவரால் ஒரு வார்த்தை பேச முடியுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஜெயிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் மாமியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். என் தாலியைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பெட்டியில் போட்டுவிட்டு வந்தாரே என்று ஆத்திரம். பெட்டிகளை எண்ணி முடிக்கும்வரை நான் பட்ட பாட்டை நின்ற ஆள்கூடப் பட்டிருக்கமாட்டார். எனக்கு ஓட்டே கிடையாது, ஆனால் அந்தத் தாலுகாவிலேயே அந்த மனிதருக்காக அவ்வளவு வேண்டிக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன். யாராவது நீலம் என்று சொன்னால் அந்த நிறச் சேலையை எடுத்து எரிக்கலாம் போல இருந்தது. மாமியாரோ நிம்மதியாக வெங்காயத்தை ஆய்ந்துகொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டதும் அப்போதுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் மத்தியானம் தேவாரத்துப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. மஞ்சள் ஜெயித்துவிட்டது. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, எதிர்த்தவர் கட்டிய டெபாசிட்டே போய்விட்டது என்றார்கள். பெரிய மாமா வேர்க்க விறுவிறுக்க வந்தார். கழுத்தில் மாலை வாடிக்கிடந்தது. வாசலில் நின்று கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு பந்து மல்லிகைப்பூவையும் வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என் மாமியாருக்குக் கேட்கும்படி, "மருமகளுக்குப் பூ வச்சுவிடச் சொல்லுங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை. அதன் பிறகு அவர் பூக்கட்டிக் கேட்கிற பேச்சை எடுக்கவில்லை. மஞ்சள் பெட்டி பொய் சொல்லும் என்று எந்த வாயால் சொல்வார்?

மாமியார் என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறார், அம்மனே சொல்லிவிட்டாள் என்று சின்னப்பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகுதான் அந்தப் பயம் நினைவுக்கு வந்தது. "நீலம் ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீக அத்தே?" என்று கேட்டேன்.

அவர் பூவைச் சூட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஊரு பூராம் மஞ்சன்னுதான் சொல்லுதுன்னு ஒவ்வொருத்தரா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான ஆத்தா போட்டேன். பூவுல கேட்டா காளியாத்தா இல்லைன்னும் சொல்லிப்புடுவா."