நல்ல காலுக்குப் போட்ட கட்டு

பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார் அல்லவா, எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சும்மா கழுவுவதல்ல. பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, ஒருசிலர் பவுடரும் போட்டு. அந்தக் கால்களைப் பார்த்தால் கழுவ வந்தவருக்கே கூச்சமாக இருக்கும். சாமியார் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தம் கொடுப்பார். நானும் ஏழு வருஷம் அந்தப் பன்னிரண்டில் ஒருவனாக இருந்தவன். வாத்தியார் என்பதால் பெஞ்சில் இடம் கிடைத்தது. நிலம் இல்லாததால் கடைசி இடம் கிடைத்தது.

நான் வேலை பார்த்தது கோயில் பள்ளிக்கூடத்தில். நீடாமங்கலத்திலிருந்து முக்கால் மணி நேரம் சைக்கிள் மிதித்தால் எங்கள் ஊர். மேலத்தெருவில் நிலம் உள்ளவர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கீழத்தெருவில், அந்த நிலத்தில் பாடுபடுகிறவர்கள். ரெண்டு தெருவுக்கும் ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே கோயில்; கோயிலுக்குள் உட்காரும் பக்கம் மட்டும் வேறு. கோயில் எனக்குக் கொடுத்திருந்த வீடு வாய்க்கால் கரையில், ரெண்டு தெருவுக்கும் நடுவில் இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் கீழத்தெரு முழுக்கத் தெரியும். அதனால் நான் இரு தரப்புக்கும் பொதுவான மனுஷன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. நடுவில் இருந்தது வீடு மட்டும்தான்.

சென்னையில் ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் புதுக் கொடிக்கம்பங்கள் முளைத்திருந்த காலம். மேலத்தெரு முனையில் ஒரு கொடி, கீழத்தெரு முனையில் வேறொரு கொடி. அந்தத் தை அறுவடையில் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மேலத்தெரு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. போலீஸ் வேன் மூன்று வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றது. அறுப்பு எப்படியோ முடிந்தது, முகம் கொடுத்துப் பேசுவது நின்றுபோனது. போதாக்குறைக்கு, குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வரப்போகிறதாம் என்ற பேச்சு. கீழத்தெருக் குடிசைகள் எல்லாம் நின்றது ஒரே மிராசுதாருடைய மனையில். அவரும் எங்கள் கோயில்காரர்தான். முன்வரிசை.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்களுக்கு ஒரு புதுச் சாமியார் வந்தார். குருத்து ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் கீழத்தெருவிலிருந்து வருவார்கள், எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

அன்று சாயங்காலமே மேலத்தெரு அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராகச் சாமியார் வீட்டுக்கு வந்து கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவருக்குத் திருக்காட்டுப்பள்ளியில் கல்யாணம். தவக்காலத்தில் எந்தக் கோயிலிலும் கல்யாணம் கிடையாது என்பது சாமியாருக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டார் போல. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்த ஜோரில் சொன்னேன்: “யாரு வராட்டாலும் நான் உக்கார்றேன் சாமி.”

சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழத்தெரு ஆட்களையும் நானே போய்க் கூப்பிட வேண்டும் என்றார்.

போனேன். மிராசுதாரிடம் பண்ணையில் இருந்த ஒருவரை முதலில் பார்த்தேன். அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று கணக்கு. அவருக்கு என் வயது இருக்கும். இருந்தாலும் அவர் எனக்கு ‘சார்’, நான் அவருக்கு ‘நீ’. அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

“நான் எதுக்கு சார்? வேற யாரையாச்சும் பாருங்க.”

“ஏன், ஒனக்குக் கால் இல்லையா?”

“கால் இருக்கு சார். அது இருக்கிற லட்சணத்தப் பாருங்க.” விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு.

“ஆண்டவர் கழுவுனது இந்த மாதிரிக் காலைத்தான்.” இந்த மாதிரி வசனம் என்னிடம் எப்போதும் கையிருப்பு உண்டு.

குடிசைக்குள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “பெரிய வீட்ல கோவிச்சுக்கிட்டா நாங்க எங்கங்க சார் போறது? மனை அவங்களுது.”

“நான் பக்கத்துல உக்காந்திருப்பேம்மா. வாத்தியார் உக்காந்த பெஞ்சுல இருக்கிறவனை யாரு என்ன கேட்ருவாங்க?”

அவர் கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நீங்க வந்தா நானும் வர்றேன் சார்.”

புதன்கிழமை காலை மிராசுதார் வண்டி என் பக்கத்தில் நின்றது. அவர் மிரட்டினார் என்று சொன்னால் அது பொய். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நாளைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும் போல வாத்தியாரே. ஒடம்பப் பாத்துக்குங்க.”

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. ஆனால் எனக்கு அந்த நிமிஷமே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. எங்கே என்று இடம் முடிவு செய்வதுதான் பாக்கி. வீட்டுக்கு வருவதற்குள் காலில் கட்டி என்று முடிவு செய்தேன். வயிற்றுவலி என்றால் யாரும் பார்க்க முடியாது, நம்ப மாட்டார்கள். கட்டி என்றால் கட்டுப் போடலாம். கால்தான் விவகாரமே, காலிலேயே வந்துவிட்டால் பொருத்தமாகவும் இருக்கும்.

மனைவியிடம் பழைய சேலைத் துணி கேட்டேன். மஞ்சள் குழைத்துக் கேட்டேன்.

“எந்தக் கால்லங்க?”

“எந்தக் கால்ல வேணும்னாலும்.”

அவள் துணியைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். “நீங்களே கட்டிக்குங்க. இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வியாழன் சாயங்காலம் அவள் மட்டும் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து விளக்கேற்றினாள். நானாகத்தான் கேட்டேன்.

“ஒரே ஒரு ஆளு,” என்றாள். “மத்த அஞ்சு பேரையும் பெரிய வீட்டுக் காரியஸ்தர் மத்தியானமே போயி மிரட்டிட்டாராம். இவரு மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தாரு. அம்புட்டு நீளப் பெஞ்சு. நடுவுல உக்காராம ஒரு ஓரமா உக்காந்தாரு. பக்கத்துல எடம் விட்டு. வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

“சாமியார் என்ன செஞ்சாரு?”

“கழுவுனாரு. பன்னெண்டு பேருக்கு வச்சிருந்த தண்ணியையும் அந்த ரெண்டு காலுக்கே ஊத்திக் கழுவுனாரு.”

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை. ரெண்டு தெருவும் கோயிலில். நடக்க முடிந்த கிழம் கட்டை, கைக்குழந்தை, மிராசுதார், எல்லோரும். ஊரில் வீட்டில் இருந்த ஒரே கிறிஸ்தவன் நான்தான் என்று நினைக்கிறேன். கீழத்தெருப் பக்கம் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தேன்.

மிராசுதாரின் காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார். கூட நாலு பேர், வெளியூர் முகங்கள். முந்தின நாள் பெஞ்சில் உட்கார்ந்தவருடைய குடிசையின் கூரையிலிருந்து கீற்றை உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லை. பானை சட்டிகளை வெளியே எடுத்து வாய்க்கால் கரையில் வரிசையாக வைத்தார்கள். ஒரு குழந்தைச் சட்டையை மடித்துக்கூட வைத்தான் ஒருவன். பிறகு மூங்கிலைப் பிடுங்கினார்கள், மண்சுவரைக் கடப்பாரையால் தள்ளினார்கள். கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது.

நான் நின்றுகொண்டுதான் பார்த்தேன். ரெண்டு காலிலும் ஊன்றி. ஓடினால் கோயிலுக்கு மூன்று நிமிஷம். ஒரு சத்தம் போட்டால்கூடப் போதும், நாலு பேரும் வெளியூர்க்காரர்கள், பயந்திருப்பார்கள். காரியஸ்தர் என்னைப் பார்த்துவிட்டார். பழக்கதோஷத்தில் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனதற்கு அந்தக் கும்பிடுதான் காரணம்.

மறுநாள் காலை குடிசை இழந்தவரே என் வீட்டுக்கு வந்தார். குடும்பத்தோடு ராத்திரி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஆமணக்கு இலை வைத்திருந்தார்.

“கட்டின்னு சொன்னாங்க சார். இத வாட்டிப் போட்டா பழுத்து ஒடஞ்சிடும். காட்டுங்க.”

“வேணாம். நானே பாத்துக்குறேன்.”

“இருங்க சார். குனிஞ்சு கட்ட ஒங்களுக்கு வராது.”

கீழே உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு சுற்றாகத் துணியைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் பூசிய நல்ல கால். ஒரு கீறல் இல்லை. பெரிய வியாழனுக்கென்று நான் முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த நகங்கள் வேறு.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையை என் மனைவியிடம் கொடுத்து அடுப்பில் வாட்டிவரச் சொல்லி, கட்டி இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, துணியை மறுபடி சுற்றினார். நான் கட்டியதைவிட நன்றாகக் கட்டினார்.

“ரெண்டு வாரத்துல ஆறிடும் சார்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் சொன்ன ரெண்டு வாரமும் நொண்டினேன். வேறு வழி? நடுவில் ஒருநாள் கால் மாறிப்போய், மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ரெண்டு வாரத்தில் அவர் அதே இடத்தில் புதுக் கீற்றுப் போட்டுக் குடிசையைக் கட்டி முடித்தார். கீழத்தெரு முழுக்கக் கை கொடுத்தது. சாமியார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மண் மிதித்தார். நான் நொண்டுகிறவன், போகவில்லை. வைகாசிக்குள் சாமியாருக்கு மாற்றல் வந்தது.

ஆடியில் விசாரணை. சட்டம் வந்துவிட்டிருந்தது. யார் யார் முன்பிருந்தே குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கீழத்தெருவுக்கு வந்தார். அவர் உட்காரப் பள்ளிக்கூடத்து நாற்காலி கேட்டு ஆள் வந்தது. நாற்காலிக்குக் காவலாகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கூடவே போனேன்.

வரிசையாக எல்லாக் குடிசையும் எழுதினார். பெஞ்சில் உட்கார்ந்தவருடைய குடிசைக்கு வந்தபோது, மேலத்தெரு ஆட்களோடு வந்திருந்த மிராசுதார் எழுந்தார்.

“இது புதுக் குடிசை சார். சட்டம் வருதுன்னு தெரிஞ்சு சித்திரையில ஓடியாந்து போட்டது. அதுக்கு முன்ன இந்த எடத்துல எங்க வைக்கப்போருதான்.”

கீற்றும் புதுசு, மூங்கிலும் புதுசு. கீழத்தெருவே ஒரே குரலில் அது பொய் என்றது. இன்ஸ்பெக்டர் காதைத் தேய்த்துக்கொண்டார். “நீங்கள்லாம் ஒரே கட்சி. வேற யாராச்சும் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா இத எழுத முடியாது.”

குடிசைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. தன் குடிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்தார். 

“பழைய குடிசை இருந்துச்சு சார்,” என்றேன். “பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிச்சுப் போட்டாங்க. எங்க கொல்லையிலேர்ந்து நான் பாத்தேன்.”

மிராசுதார் கோபப்படவில்லை. சிரித்தார். “வாத்தியாரு அன்னிக்குக் கால்ல கட்டியோட கட்டில விட்டு எறங்க முடியாமக் கெடந்தாரு சார். ஊருக்கே தெரியும். அவரு எங்கேர்ந்து கொல்லைக்கு வந்தாரு?”

“அப்படியா சார்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கால்ல ஒண்ணும் இல்லைங்க.”

“என்ன?”

“கட்டி கிட்டி ஒண்ணும் இல்லைங்க சார். கோயில்ல பெஞ்சுல உக்காரப் பயந்துக்கிட்டு, நானாத் துணியக் கட்டிக்கிட்டேன்.”

 பின்னாலிருந்து ஒரு பெண், “அடியே, பதினஞ்சு நாளுல்ல நொண்டுனாரு,” என்றாள். கீழத்தெரு சிரித்தது. மேலத்தெருவிலிருந்து வந்தவர்களும் சிரித்தார்கள். அறுவடைத் தகராறுக்குப் பிறகு ரெண்டு தெருவும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் எழுதினார்: ‘காலில் யாதொரு புண்ணும் இல்லாத நிலையில் நேரில் கண்டதாகச் சாட்சி கூறுகிறார்.’ கையெழுத்துப் போட்டேன். மனை அவர் பெயருக்கு எழுதப்பட்டது.

நான் எதற்குப் பயந்தேனோ அது என்ன ஆயிற்று என்றால், மறுநாள் முதல் மிராசுதார் வீட்டிலிருந்து வரும் பால் நின்றது. பால் மட்டும்தான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். கால் நன்றாக இருந்ததென்றால் ஏன் அங்கேயே நின்றாய் என்று யாராவது கேட்டே தீருவார்கள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. மிராசுதார் கேட்கமாட்டார். சிரிப்பு தீர்ந்து கூட்டம் கலைந்தது.

நாற்காலியைக் குடிசைக்காரர்தான் தூக்கிக்கொண்டு என்கூட வந்தார்.  வாய்க்கால் பாலத்தில் நாற்காலியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“அன்னிக்கே ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா, ரெண்டு கட்டு கீத்து மிச்சமாயிருக்கும் சார்.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று சொல்கிற குரல். 

“ஆமாங்க,” என்றேன். அவர் முன்னால் நடந்தார்.