பாக்கியலெட்சுமிக்கு நிற்காத மலை

என் அக்கா பாக்கியலெட்சுமி பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவள். வாய் பெரிசு. லயத்து வீடுகளில் யாராவது செத்த சேதி மலைக்கு வந்தால் முதலில் கூடையை இறக்குவது அவள்தான். பார்த்து மற்றப் பொம்பளைகளும் இறக்குவார்கள். பொணம் எடுக்கும்வரை மலையில் ஒரு கையும் அசையாது. தோட்டத்துத் துரை கத்திப் பார்த்திருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை.

அவள் மகள் சுபாஜினி கெம்பஸில் தத்துவம் படிக்கிறாள். மார்க்சின் சிந்தனையை வைத்து அவரவர் விருப்பப்படி ஒரு ப்ரொஜெக்ட் செய்யுங்கள் என்று படிப்பிக்கிற சேர் விட்டுவிட்டாராம். மற்றப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் போனார்கள். இவள் சாவுக்கு மலை நிற்பதை எடுத்துக்கொண்டாள். எந்தச் சங்கமும் கூப்பிடாமல் நடக்கிற வேலைநிறுத்தம் அது என்று எனக்கு விளக்கினாள். பாதிதான் விளங்கியது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒன் படிப்புக்கு இப்ப யாரச் சாகச் சொல்றது?" என்று கேலி பண்ணினாள்.

அதற்கு முன்னாலேயே துரைமார் மலையைத் துண்டு போட்டு வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவரவர் துண்டு, அவரவர் கொழுந்து, அதற்குத்தான் காசு. பிரித்த பிறகு லயத்தில் சாவு விழவில்லை. அதனால் இனி சாவுக்கு மலை நிற்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

சுபாஜினி ப்ரொஜெக்ட் தொடங்கிய மாசமே குளவி கொட்டி அக்கா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். காலையில் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, பின்னேரம் அடக்கம் என்று சொல்ல நான்தான் மலைக்கு ஏறினேன். பொம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள். கூடை இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மரியகொரட்டி மட்டும் கிட்ட வந்தாள்.

"கொழுந்து லொறி வந்துரும்ணே. எடுக்காட்டி முத்திப்போகும். பின்னேரம் எல்லாரும் வந்துர்றோம்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. எனக்கும் ஒரு துண்டு இருக்கிறது.

வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடியே சுபாஜினி கேட்டாள்.

"மலை நின்னுச்சா மாமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அம்மா துண்டாவது நிக்கட்டும். யாரும் தொட வேணாம்."

மரியகொரட்டி சொன்னபடி பின்னேரம் எல்லாரும் வந்தார்கள். பொம்பளைகள் கட்டிப் பிடித்து அழுதார்கள், ஆம்பிளைகள் தோள் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது. அடக்கம் முடிந்த பிறகு மரியகொரட்டி சுபாஜினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க கொழுந்து வீணாப் போகலம்மா. ஆளுக்குக் கொஞ்சமா நாங்களே எடுத்து, அம்மா பேர்லயே தராசுல போட்டுட்டோம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள்; பிள்ளை சொன்னது அவள் காதுக்குப் போயிருக்கவில்லை. பிள்ளையும் "சரிங்கத்தை" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் மலைக்கு ஏற, நான் பின்னாலேயே போனேன். அக்காவின் துண்டில் ஒரு கொழுந்துகூட மிச்சமில்லை. பிள்ளை செடி செடியாகக் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். வா என்று கூப்பிட்டேன். வரவில்லை.