கக்குவானுக்கு ஒரு போர் விமானம்

காலை ஏழரைக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து புறப்பட்டோம்: நான், என் கணவர், கக்குவான் இருமலோடு மூன்று வயது மகள் செல்வி. கக்குவான் வந்த பிள்ளையை விமானத்தில் உயரே கொண்டுபோனால் இருமல் நின்றுவிடும் என்று சீமையில் சொல்கிறார்களாம். பத்திரிகையில் அதைப் படித்த நாளிலிருந்து கணவருக்கு வேறு பேச்சில்லை. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரர், பெரிய யுத்தத்தில் பிரிட்டிஷ் படை ஓட்டிய பழைய விமானத்தை வாங்கி ஆட்களை ஏற்றிப் பறக்கிறார் என்றும் விசாரித்து வைத்திருந்தார். பிள்ளையை ஏற்றுவதா வேண்டாமா என்று தூங்காமல் யோசித்தும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மாட்டேன் என்று சொல்லி, இருமல் முற்றிவிட்டால்?

ரயிலில் எதிரே ஒரு கைக்குழந்தை. அதற்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று செல்வியின் முகத்தை வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தேன். கிள்ளானில் இறங்கி, நாலு மைல் வாடகை மோட்டாருக்கு ஒரு வெள்ளி கொடுத்தோம்.

"ஏரப்ளேன் பாக்கவாண்ணே? தள்ளிவிட ஆள் கூட்டிட்டு வரலையா?" என்று டிரைவர் சிரித்தார்.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் அவர் சிரித்த காரணம் தெரிந்தது. விமானத்துக்கு இறக்கைகள் இல்லை. இறக்கைத் துணி தோப்புக் காவல்காரரின் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது; பெயின்ட் உரிந்த இடத்தில் படையின் வட்டக்குறி மங்கலாகத் தெரிந்தது. சக்கரங்கள் தேங்காய் வண்டியில். எஞ்சின் ஏதோ படகுக்குப் போய்விட்டதாம்.

"தொரை கப்பலேறி மாசமாச்சும்மா," என்றார் காவல்காரரின் மனைவி. "கடைசியா எறங்கறப்போ தென்ன மரத்துல மோதிட்டாரு. மரத்துக்கு ஒண்ணும் ஆகல."

"இருமல் புள்ளைங்க யாராச்சும் இதுல பறந்தாங்களாக்கா?"

"ஒரு சீனத்து அம்மா தூக்கிட்டு வந்தாங்க."

"சரியாச்சா?"

"வாந்தி எடுத்துச்சு."

கணவர் அசரவில்லை. "வந்தது வந்தோம், உக்காரவாச்சும் வைப்போம்," என்று செல்வியை விமானியின் இருக்கையில் இறக்கினார்.

"பறக்காத விமானத்துல உக்காந்தா எது நிக்கும்ங்க?"

அவர் அதற்குள் வாயாலேயே எஞ்சின் சத்தம் எழுப்பத் தொடங்கியிருந்தார். செல்வி கைகொட்டினாள். கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் கொட்டகை நிழலில் நின்று எரிச்சல்பட்டேன். பாதி அவர்மேல், விமானம் உடைந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்ததால் மீதி என்மேல். புறப்படும்போதுதான் கவனித்தேன். வந்ததிலிருந்து செல்வி ஒருமுறைகூட இருமவில்லை.

மாலை நாலு மணிக்கு வீடு. ரயில் எஞ்சின் ஷெட்டின் புகை எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரி. பூட்டைத் திறப்பதற்குள் செல்வி கண் பிதுங்க இருமினாள்.

"சிங்கப்பூர்ல இன்னும் நல்ல விமானம் இருக்காம்," என்றார் கணவர்.

"போர்ட் சுவெட்டன்ஹாம்ல உங்க சித்தி வீடு கடல் பக்கம்தானே? சின்னப் புள்ளைங்களும் இல்ல. இருமல் நிக்கிற வரைக்கும் நாங்க அங்க இருக்கோம்."

அவர் சாவியை ஆணியில் மாட்டினார். "அங்க விமானம் இல்லையே, கமலா."

நான் செல்வியின் கவுன்களை உதறி, பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.