பியர் ஊற்றிய சக்கரம்

பொலிவியாவின் எல் ஆல்ட்டோவில், லா பாஸுக்கு இறங்கும் சாலையின் தலைப்பில் பிரேக் வேலை பார்ப்பவள் ஃபோர்துனாத்தா. பக்கத்துக் கடையில் நான் பஞ்சர் ஒட்டுகிறேன். அவளைப் போல் ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. தான் செய்த தப்பை ஊருக்கு முன்னால் சொல்கிறவளும் அவள் ஒருத்திதான்.

அந்த வெள்ளிக்கிழமை எலியோதோரோவின் வேனில் முன்சக்கர பிரேக்குக்குப் புதுப் பேடும் அதை அழுத்தும் காலிப்பரும் மாட்டினாள். அவள் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்; அந்த உறவில் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. பெடலை மிதித்துப் பார்ப்பதற்குள் அவன் மனைவி பூமித்தாய்க்கென்று சக்கரங்களில் பியரை ஊற்றி, காகிதப் பூவும் தூவிவிட்டாள். அப்படி ஊற்றியபின் முதல் நடை முடியும்வரை சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் நிறுத்தத்து வழக்கம்.

பயணிகள் பதினாலு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்பானரை எடுக்கக் குனிந்த ஃபோர்துனாத்தா அப்படியே நின்றாள். காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே பார்த்தபடி இருந்தது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

“கொம்பாத்ரே, எல்லாரையும் எறக்கு. காலிப்பரை இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன். காத்து உள்ளயே நிக்குது, பிரேக் பிடிக்காம போயிடும்.”

“பூமித்தாய்க்கு ஊத்தியாச்சு கொமாத்ரே. ஒரு நடை போயிட்டு வந்துடறேன், அப்புறம் கழட்டிக்க.”

“மொத நடையே எறக்கம்யா.”

“ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்குது. இருவது வருசமா ஓட்டறவனுக்கு நீ பாடம் எடுக்காத.”

“அபசகுனமா பேசாதடி,” என்றாள் அவன் மனைவி.

என்ஜின் உறுமியது. பியர் ஊற்றிய சக்கரத்தில் கைவைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை, வெட்கங்கெட்டவன் நான்.

ஃபோர்துனாத்தா என் கடைக்குள் வந்து குத்தூசியை எடுத்தாள். வேனின் முன் டயர்கள் இரண்டிலும் பக்கவாட்டில் குத்தினாள். வண்டி முன்பக்கம் மெல்ல உட்கார்ந்தது. ஸ்டெப்னி ஒன்றுதான், கழற்றாமல் வேறு வழியில்லை.

“இன்னியோட எனக்கு ஞானப்பிள்ளையும் இல்ல, கொமாத்ரேயும் இல்ல,” என்றான் எலியோதோரோ.

“சரி. சக்கரத்தைக் கழட்டு.”

காலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டி, நிப்பிளில் குழாய் செருகி, மறுமுனையை பிரேக் எண்ணெய்ப் பாட்டிலில் விட்டு, அவனை மிதிக்கச் சொன்னாள். பாட்டிலில் குமிழிகள் நிற்காமல் வந்தன. அதைப் பார்த்த அவன் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று வருடமாகிறது. தினமும் எலியோதோரோ எங்களைத் தாண்டித்தான் இறங்குகிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டே போகிறான். ஃபோர்துனாத்தா வேலையை நிறுத்திவிட்டு அந்த வண்டி வளைவில் வேகம் குறைந்து திரும்பும்வரை பார்ப்பாள்.

“பிடிக்குது,” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள்.