மூணாவது ஹூ

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்கு எரிச்சல் வரும், அத முதல்லயே சொல்லிடுறேன். நான் ஹேவாஹெட்ட பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவ. எங்க லயத்து வரிசை வீடுகள்ல கரண்ட் போனா போதும், ஆளாளுக்கு மோகினி, முனின்னு ஆரம்பிச்சிருவாங்க, நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு தூங்கிருவேன். கல்யாணம் கட்டி கட்டுகஸ்தோட்டைக்கு வந்து இந்தத் தையல் கடைய போட்ட பிறகும் அதே குணம் தான். சட்டை தைக்க வர்றவங்க எல்லாரும் ஒரு கதை வச்சிருப்பாங்க, நான் குண்டூசிய வாயில கவ்விக்கிட்டு கேட்டுட்டு, அவங்க படியிறங்கினதும் சிரிப்பேன். அதனால நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது. மழை விடுற மாதிரி தெரியல, உங்க பிளவுசுக்கு இன்னும் கொக்கி வைக்கணும், கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்க. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க.

சோமா அக்கான்னு ஒரு சிங்கள மனுஷி, முன்ன எங்க பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருந்தவங்க. கொரோனாவுக்குப் பிறகு இங்க சரிவரல்லன்னு அவங்க ஊருக்கே போயிட்டாங்க. ஊரு ஹசலக்க பக்கம், கண்டியில பஸ் ஏறி மலைப்பாதையில பதினெட்டு வளைவும் இறங்கினா கீழ வெயில் கொளுத்துற காடு, அந்தக் காட்டோரம். அங்க புது வீடு கட்டி, பிக்குமாருக்குச் சாப்பாடு போட்டு தானம் கொடுக்கிறாங்க, கட்டாயம் வரணும்னு கூப்பிட்டாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம். அவரு புசல்லாவை தோட்டத்துக்காரரு, டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில வேலை, வாயத் திறந்தா முத்து உதிர்ந்திரும்னு நினைக்கிற ஆளு. நான் பத்து வார்த்தை பேசினா அவரு "ம்"முன்னு ஒண்ணு சொல்லுவாரு, அது தான் எங்க குடும்பம்.

தானத்தன்னைக்கு எனக்கு எதிர்ல ஒரு மனுஷன் உக்காந்து சாப்பிட்டாரு, பாவம், முகத்துல ஒரு பக்கமே இல்ல. கண்ணு இருந்த எடம் தையல் போட்டு மூடினாப்ல இருந்திச்சி. எனக்கு சோறு இறங்கல. கரடி அடிச்சதுன்னு சொன்னாங்க. நம்ம மலைப்பக்கம் சிறுத்தை இருக்கு, பன்னி இருக்கு, கரடி எங்க இருக்கு, நான் மிருகக்காட்சிசாலையில பார்த்தது தான், அதுவும் தூங்கிக்கிட்டு இருந்திச்சி. சோமா அக்கா என்னைய நங்கி, அதாவது தங்கச்சின்னு தான் கூப்பிடுவாங்க, அவங்க சொன்னாங்க, யானைய விட எங்களுக்கு இது தான் பயம் நங்கி, அது நம்மள தேடி வராது, ஆனா கிட்டத்துல திடீர்னு மாட்டிக்கிட்டா பயத்துல முகத்துக்கே பாயும்னு.

இதக் கேட்ட பிறகும் எங்க வீட்டுக்காரருக்கு மறுநாள் காட்டுக்குள்ள போகணும். என்னத்துக்கு? பாலைப்பழத்துக்கு. அது பழுக்கிற காலம், மஞ்சள் மஞ்சளா காய்ச்சித் தொங்குதுன்னு சோமா அக்கா வாய் தவறி சொல்லிட்டாங்க. இந்த மனுஷனுக்குப் பழம்னா உசுரு. கரடிக்கும் அதே பழம்னா உசுருன்னு அவங்க சொன்னது மட்டும் இவரு காதுல விழல. கடைசியில, சரி, வெயில் ஏறினப்புறம் போய் பொழுது சாய முன்ன வந்திரலாம்னு மூணு பேரும் கிளம்பினோம்.

காட்டு வாசல்ல சோமா அக்கா ஒரு பச்சைக் கொப்ப ஒடிச்சி அங்க ஒரு மரத்துல தொங்க விட்டாங்க, காட்டு தெய்வத்துக்குன்னு. நான் சிலுவை போட்டுக்கிட்டேன். அப்புறம் எங்கள நிக்க வச்சி பாடம் எடுத்தாங்க. ஓடக்கூடாது, மரத்துல ஏறக்கூடாது, அது நம்மள விட நல்லா ஏறும். மேல விழுந்திட்டா குப்புறப் படுத்து பின்கழுத்த ரெண்டு கையாலயும் பொத்திக்கணும். எல்லாத்துக்கும் மேல, சத்தம் காட்டிக்கிட்டே போகணும், நாம வர்றோம்னு தெரிஞ்சா அதுவே விலகிப் போயிரும். அதுக்கு அவங்க ஊரு வழக்கம் ஒண்ணு இருக்கு. முன்னால போறவங்க "ஹூ"ன்னு கூப்பிடுவாங்க, அடுத்தவங்க ஒரு ஹூ, கடைசி ஆளு ஒரு ஹூ. கரடிக்கும் கேக்கும், எல்லாரும் பின்னால வர்றாங்கன்னு முன்னால போறவங்களுக்கும் தெரியும். சோமா அக்கா தோள்ல சின்னக் கோடாலியோட முன்னால, நான் நடுவுல, இவரு கடைசியில.

போகும்போது ஒண்ணும் இல்ல. பழம் பொறுக்கினோம், தின்னோம், உதடெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சி, இவரு ஒரு பை நிறையக் கட்டிக்கிட்டாரு. திரும்பி வர்ற வழியில தான்.

எறங்கு வெயில், காத்தே இல்ல. சோமா அக்கா ஹூ, நான் ஹூ, பின்னால இவரு ஹூ. பாதை ஒத்தையடிப் பாதை, ரெண்டு பக்கமும் முள்ளு, கீழ பார்த்துத் தான் நடக்கணும், திரும்பிப் பார்த்தா சேலை மாட்டிக்கும். அதனால நான் முன்னால பார்த்துக்கிட்டே பின்னால பேசிக்கிட்டு வந்தேன், எனக்குத் தான் வாய் சும்மா இருக்காதே. இவரு தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு என்னைய ஒழுங்கா கூப்பிடல, அதப் பத்தி ஒரு பாட்டம் புலம்பினேன். "ம்"முன்னாரு. நாளைக்குக் கடை திறக்கிறதா வேணாமான்னு கேட்டேன். "ம்"முன்னாரு. அப்புறம், பை பாரமா இருக்கா, கொஞ்சம் உக்காந்துட்டு போவமான்னு கேட்டேன்.

"நீ போ. நான் வாரேன்."

அவரு குரல் தான். சளி கட்டினா இருக்குமே, அது மாதிரி கொஞ்சம் கரகரன்னு இருந்திச்சி, தண்ணி குடிக்காம நடக்கிறாருன்னு நினைச்சிக்கிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன். ஹூ, ஹூ, ஹூ. ஒரு தடவ கூட விடுபடல. காடு முடிஞ்சி குளக்கட்டு வந்திச்சி, பளிச்சுன்னு வெளிச்சம், அப்பாடான்னு என் பையில இருந்த தண்ணிப் போத்தல எடுத்து நீட்டிக்கிட்டே திரும்பினேன்.

யாருமில்ல.

ஒதுங்கப் போயிருப்பாருன்னு கொஞ்சம் நின்னேன். சோமா அக்கா என் முகத்தப் பார்த்தாங்க, பாதையப் பார்த்தாங்க. இப்ப தானே ஹூ கேட்டிச்சின்னாங்க. எனக்கும் கேட்டிச்சி, என் முதுகுக்குப் பின்னால தான் கேட்டிச்சி. அவங்க பாதையில குனிஞ்சி பார்த்தாங்க, புழுதி மண்ணு, சோமா அக்கா செருப்புத் தடம் இருக்கு, என் செருப்புத் தடம் இருக்கு. அவரோடது போற தடம் தான் இருக்கு, வர்ற தடம் இல்ல. முந்தின நாள் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட மனுஷன் முகம் தான் கண்ணுக்கு முன்னால வந்திச்சி. நான் கத்திக்கிட்டு ஓடப் பார்த்தேன், சோமா அக்கா என் கைய விடவே இல்ல, அந்தப் பிடியில ரெண்டு நாளைக்கு நீலம் பாரிச்சிருந்திச்சி. ஓடினா நீயும் போய் அது மேல விழுவ நங்கி, ஹூ சொல்லிக்கிட்டே சேர்ந்து போவோம்னாங்க.

திரும்ப காட்டுக்குள்ள போனோம். அவங்க முன்னால, நான் பின்னால, அவ்வளவு தான், வேற ஆளு இல்ல. சோமா அக்கா ஹூன்னாங்க. நான் அழுதுக்கிட்டே ஹூன்னேன்.

பின்னால ஹூன்னு வந்திச்சி.

நாங்க விட்டுட்டு வந்த குளக்கட்டுப் பக்கம் இருந்து, பின்னால, முன்ன மாதிரியே. அவரு குரல்ல. கடவுளேன்னு சோமா அக்கா முதுகோட ஒட்டிக்கிட்டேன். திரும்பிப் பார்க்காத, பதில் கொடுக்காத, நடன்னு சோமா அக்கா சிங்களத்துல முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கரடிக்குப் பயப்படாத அந்த மனுஷி பல்லு அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டிச்சி. ஆனா கூப்பிடாமலும் இருக்க முடியாதே, முன்னால கரடி இருந்தா? கூப்பிட்டா பின்னால அது பதில் சொல்லுது. அப்படியே அவங்க ஒண்ணு, நான் ஒண்ணு, அது ஒண்ணுன்னு மூணு ஹூவோட தான் நடந்தோம். என் வாழ்க்கையில அவ்வளவு தூரம் நான் நடந்ததில்ல.

ஒரு பட்ட மரத்துக்குப் பக்கத்துல, பாதையில இருந்து உள்ள தள்ளி, புதருக்கு அடியில அவரு சுருண்டு கிடந்தாரு. தலையச் சுத்தி முகம் துடைக்கிற துவாய், ரெண்டு கையும் கழுத்துல. செத்துட்டாருன்னே நினைச்சேன். தொட்டதும் அசைஞ்சாரு. ஒரு கீறல் இல்ல. சுத்தி வர தேன் கூடு பிஞ்சி கிடக்கு, மரப்பட்டையெல்லாம் நகத்தால கிழிச்சிருக்கு, கரடி நாத்தம் இன்னும் அங்க அடிச்சிக்கிட்டு இருந்திச்சி.

நடந்தது இது தான். அந்த மரத்துக்கிட்ட வரும்போது இவருக்கு இரைச்சல் கேட்டிருக்கு, பார்த்தா தேனீ கலைஞ்சி பறக்குது. தோட்டத்துல பொறந்தவனுக்கு கரடி என்ன தெரியும், எங்களுக்குப் பயம்னா குளவி தான். கொழுந்தெடுக்கிற எடத்துல குளவி கலைஞ்சா மூச்சு விடக்கூடாது, தேயிலைக்கு அடியில பூந்து தலைய மூடிக்கிட்டு கட்டையா கிடக்கணும். யோசிச்சு செய்யிறதில்ல, உடம்பே செஞ்சிரும். இவரும் அதே மாதிரி துவாயப் போத்திக்கிட்டு பூந்துட்டாரு, எங்களுக்கு ஒரு குரல் கூட கொடுக்கல. ஹசலக்ககாரன்னா அந்த எடத்துல தொண்டை கிழியக் கத்தியிருப்பான், தேனீ ஏன் கலைஞ்சிதுன்னு அவனுக்குத் தெரியும். தேன் கூட்டக் கலைச்ச கரடி மரத்துல அந்தப் பக்கம் இருந்திருக்கு. அது இறங்கி வந்து இவருக்குக் கை நீட்டுற தூரத்துல நின்னு மூச்சு விட்டிருக்கு. அப்ப கத்தவும் முடியாது, எழும்பவும் முடியாது.

ஆனா அவரு எழும்பி ஓடத் தான் பார்த்திருக்காரு. அந்த நேரம் பார்த்து இடது பக்கம் புதருக்குள்ள இருந்து என் குரல் கேட்டிச்சாம்.

"அசையாம இருங்க. நான் வாரேன்."

அப்புறம் ஒரு ஹூ. கரடி தலைய அந்தப் பக்கம் திருப்பியிருக்கு. இன்னொரு ஹூ, கொஞ்சம் தள்ளி. இன்னொண்ணு, இன்னும் தள்ளி. அந்தக் குரல் போன பக்கமே கரடியும் போயிருச்சாம். நாங்க துவாய விலக்கினதும் அந்த மனுஷன் வாயில வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா, "ஏன்டி தனியா அந்தப் பக்கம் காட்டுக்குள்ள போன, உனக்கு அறிவிருக்கா"ன்னு ஏசினாரு. ஏசிக்கிட்டே அழுதாரு. அவரு அழுது நான் பார்த்தது அன்னைக்குத் தான். நான் எங்க அந்தப் பக்கம் போனேன், அவரு கூட பேசிக்கிட்டு குளக்கட்டு வரைக்கும்ல போயிருந்தேன்.

அதுக்குப் பிறகு மூணாவது ஹூ கேக்கல. நாங்க மூணு பேராயிட்டோம், அவரு ஹூ சொன்னாரு, அவ்வளவோட நின்னுச்சி.

எங்க சர்ச் ஃபாதர் கிட்ட சொன்னேன், அது காவல் சம்மனசும்மா, உங்களக் காக்கிற தேவதூதருன்னாரு. சோமா அக்கா அன்னைக்கே இன்னொரு கொப்பு ஒடிச்சித் தொங்க விட்டாங்க, அது செஞ்சது நல்லது தான் நங்கி, இல்லாட்டி நீ பாதியில தேடிப் போயிருப்ப, ரெண்டு பேரும் போயிருப்பீங்கன்னாங்க. அதுவும் சரி தான். அவரு பின்னால வரலன்னு தெரிஞ்சிருந்தா நான் நேரா போய் கரடி மேல விழுந்திருப்பேன். அவரு எழும்பியிருந்தா முகம் இருந்திருக்காது. நல்லது தான் செஞ்சிச்சி, நானும் மெழுகுவர்த்தி கொளுத்தி நன்றி சொல்லிட்டேன், சொல்லாம இருக்கல.

ஆனா எனக்கு ராத்திரியில தூக்கம் கலைஞ்சா ஒண்ணு தான் ஓடும். அது மாத்திச் சொல்லியிருந்தா? அவரு குரல்ல என்கிட்ட "இங்க வா"ன்னு ஒரு வார்த்தை. என் குரல்ல அவருகிட்ட "எழும்பி ஓடுங்க"ன்னு ஒரு வார்த்தை. நாங்க கேட்டிருப்போம். ஏன் எதுக்குன்னு யோசிச்சிருக்கக் கூட மாட்டோம். எங்க ரெண்டு பேரையும் எப்படிக் கூப்பிட்டா கேப்போம்னு அதுக்குத் தெரிஞ்சிருந்திச்சி, நான் பேசப் பேச எங்க "ம்" சொல்லணும்னு கூடத் தெரிஞ்சிருந்திச்சி.

இதச் சொன்னா அவருக்குப் பிடிக்காது, பேச்ச மாத்திருவாரு. ஆனா அவரும் அப்படித் தான். உள்ள இருந்து நான் கூப்பிட்டா பதில் வராது, வாசல் வரைக்கும் வந்து என் முகத்தப் பார்த்துட்டுத் தான் என்னன்னு கேப்பாரு. நானும் தைக்கிறத போட்டுட்டு எழும்பிப் போய் பார்த்துட்டுத் தான் பதில் சொல்லுவேன். பக்கத்துக் கடைப் பிள்ளைங்க கேலி பண்ணுதுங்க, இந்த வயசுல இவங்களப் பாரேன், புதுசா கல்யாணம் கட்டினவங்க மாதிரி ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்காங்கன்னு. நாங்களும் சிரிச்சிருவோம். கூப்பிட்டது யாருன்னு தான் பார்த்துக்கிறோம்னு அதுங்களுக்கு எப்படிச் சொல்றது.