உப்பிட்ட புத்தகங்கள்

திருகோணமலைக்குப் பக்கத்து மீன்பிடிக் கிராமமான சல்லியில் வாசிகசாலை தொடங்குவதற்காக வீடு வீடாகப் புத்தகம் கேட்டுப் போனபோதுதான் சீதேவியக்காவைக் கண்டேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. நான் பட்டம் பெற்று வந்த புதிது. எங்கள் பரம்பரையில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரிந்திருக்கும். மீன்பிடிக்கிற வீடுகளில் பஞ்சாங்கத்தைத் தவிர என்ன கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"சீதேவியிட்டக் கேளுங்கோ. அவளிட்ட ஒரு சாடி நிறையப் பொஸ்தகம் கிடந்தது" என்றார் ஒருவர்.

"சாடியிலயா?" என்று சிரித்துவிட்டேன்.

பாயில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த சீதேவியக்கா சிரிக்கவில்லை. "ஓம் தம்பி, இருக்கு. ஆனா வாசிக்க ஏலாது" என்று வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். மீனை உப்பிட்டு வைக்கிற பெரிய மண்சாடி ஒன்று. மூடியை எடுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரே கட்டி. உப்பு நாற்றம். எது அட்டை, எது தாள் என்று தெரியவில்லை.

சாடிக்குப் பக்கத்தில் நின்றபடியே அக்கா கதையைச் சொன்னார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அவருடைய கணவர் குலசிங்கம் பள்ளிக்கூடமே கண்டதில்லை. துறைமுகத்தில் வத்தை என்கிற பாரப் படகுகளிலிருந்து கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுகிற வேலை. யப்பான்காரன் வருவான் என்ற பயத்தில் நகரத்து உத்தியோகத்தர்கள் குடும்பங்களை ஊருக்கு அனுப்பத் தொடங்கிய நாட்கள் அவை. அவர்கள் விட்டுப்போன புத்தகங்கள் பழைய கடதாசி வாங்குகிற லாபிரின் கடைக்கு மூட்டை மூட்டையாக வந்தன. சாமான் கட்டும் கடதாசிச் சரை சுற்றக் கிழிபடுவதற்கு முன் குலசிங்கம் போய் நிற்பார். விலைக்குப் பதிலாகக் கையில் ஒரு கோர்வை மீன் இருக்கும்.

"எழுத்துத் தெரியாத மனுசனுக்கு என்னத்துக்கு இவ்வளவு பொஸ்தகம்?" என்று லாபிர் சீண்டுவாராம்.

"எனக்கில்லை நானா. வீட்டில ஒரு பள்ளிக்கூடம் வச்சிருக்கிறன். நல்ல மொத்தமாப் பாத்துத் தாங்கோ."

புத்தகத்தின் தடிப்புத்தான் அவருடைய தெரிவு. அதனால் அந்த வீட்டுக்கு எல்லாம் வந்தது: மாட்டு வைத்தியம், நட்சத்திரங்களின் நூல், பர்மாவுக்குப் போனவரின் பயணக்கதை, காணிச் சட்டம், தேவார உரை, மரக்கறிச் செய்கை, கொலைக்கதை. அதுவரை பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதுவும் கண்டிராத அக்கா எல்லாவற்றையும் வாசித்தார். பின்னேரங்களில் அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே வாசிப்பார். இரண்டு கையிலும் வேலை. பக்கம் திருப்புவது குலசிங்கம்.

"சந்திரனில மலை இருக்காமே! அப்ப கடலும் இருக்கும். மீன்?" என்று கேட்பார் குலசிங்கம்.

"மீனைப் பற்றி ஒண்டும் போடேல்லை."

"போடாமல் விட்டிருப்பான். அவனுக்கென்ன தெரியும்?"

மாடே இல்லாத மனிதர் மறுநாள் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு வைத்தியம் சொல்லிப் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பர்மாக்காரர் கப்பலில் வாந்தியெடுத்த இடத்தை மூன்றாம் முறை வாசிக்கச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

எவ்வளவு தேய்த்தாலும் நிலக்கரி அவர் விரலை விட்டுப் போகாது. திருப்பிய ஒவ்வொரு தாளின் மூலையிலும் கறுப்பாகப் பெருவிரல் பதிந்தது.

"இஞ்சருங்கோ, கையைக் கழுவிப்போட்டு வாங்கோவன். பொஸ்தகமெல்லாம் கரி!"

"அது நான் வாசிச்ச அடையாளமடி."

கடைசியாக எடுத்தது கொலைக்கதை. மாளிகையில் முதலாளி செத்துக்கிடக்கிறார். சமையல் செய்கிற குசினிக்காரன்தான் கொன்றவன் என்று குலசிங்கம் சத்தியம் செய்தார். தம்பிக்காரன் என்றார் அக்கா. முக்கால்வாசி போயிருக்கும், கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்தது.

ஊர் கிளம்பியது. துறைமுக வேலையாட்களுக்கு விடுமுறை இல்லை. அக்காவைத் தம்பலகாமத்தில் உள்ள தமக்கை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. சட்டிபானையைப் புதைத்தார்கள். புத்தகங்களை என்ன செய்வது? கறையானையும் பூஞ்சணத்தையும் நினைத்துத்தான் பயம். பெரிய மீன் கூடுதலாகப் பட்டால் அந்தக் கரையில் எல்லாரும் செய்வதையே அக்காவும் செய்தார். சாடியின் அடியில் உப்பு, மேலே ஒரு வரிசை புத்தகம், மறுபடி உப்பு. குலசிங்கம் பக்கத்தில் இருந்து அமத்தி அமத்தி அடுக்கினார்.

"மீனே வருசக்கணக்கில கிடக்குது. கடதாசிக்கு என்ன வரப்போகுது?"

"இந்தக் கொலைக்கதையை நீங்கள் வச்சிருங்கோவன்."

"நான் வச்சு? அட்டையைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? அதையும் போடு. நீ வந்தாப்போல மிச்சத்தை வாசிப்பம். குசினிக்காரன் எங்க ஓடப்போறான்?"

வாயைச் சீலையால் கட்டி, களிமண் பூசி, பனையடியில் குழி வெட்டித் தாட்டார்கள். அக்கா வண்டியேறினார்.

அந்த வியாழக்கிழமை காலை திருகோணமலையில் குண்டு போட்டார்கள். குலசிங்கம் நின்ற வத்தையும் இல்லை, அவரும் இல்லை. அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. படம் பிடித்து வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவருடைய சாரத்தையும் சால்வையையும் ஆட்களில்லாத வீட்டில் யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

"எனக்கு அழுகை வரேக்கையெல்லாம் சாடியைத்தான் நினைச்சனான் தம்பி. அவற்ற கை அதுக்குள்ள பத்திரமாக் கிடக்கு எண்டு. ஒவ்வொரு தாளிலயும் கிடக்கு எண்டு."

மாரி கழிந்துதான் திரும்பி வர முடிந்தது. வந்த அன்றே தோண்டினார். மழை மண்ணை நனைத்திருந்தது. உப்பு அந்த ஈரத்தையெல்லாம் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. மேல் புத்தகத்தைத் தூக்கினார். பிட்டுப்போல விரல்களுக்குள் உதிர்ந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மை கரைந்து, கரி கரைந்து, எல்லாம் ஒரே சாம்பல். ஒரு பெருவிரல்கூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் வாரித் திரும்பச் சாடிக்குள்ளேயே போட்டார்.

"கறையான் அரிச்சிருந்தாலும் ஒரு மூலை மிஞ்சியிருக்கும். நான்தானே உப்பைப் போட்டனான்."

படித்தவன் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. "அக்கா, அந்தக் கொலைக்கதையைக் கொழும்பில தேடி எடுக்கலாம். முடிவையாவது வாசிக்கலாம்" என்றேன்.

"அதில அவற்ற கை இராது, தம்பி."

பாயடிக்குத் திரும்பி வந்து மீனைப் புரட்டிப் போடத் தொடங்கினார். நிமிராமலே சொன்னார்: "அவர் குசினிக்காரன் எண்டு சொன்னவர். அப்பிடியே இருக்கட்டும்."

வாசிகசாலை திறந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. சீதேவியக்கா அங்கே வருவதில்லை. சல்லியில் அதே வீட்டில் தனியே இருக்கிறார். கருவாடு காயவைத்து நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறார். சாடி பின்பக்கம் மூடியபடி இருக்கிறது.